தக்கை வாய் திறந்தது

குடுவைக்கு அன்று இரண்டாவது விசாரணை. காலையில் அதன் வயிற்றுக்குள் வினிகரும் ஆப்பசோடாவும் சேர்ந்து நுரைத்து அடங்கிய பிறகு எடை கொஞ்சம் குறைந்திருந்தது. "திருடன்!" என்று தராசு கத்தியதுதான் தாமதம், அலமாரியில் எல்லாரும் குடுவையிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இந்த முறையும் குறைந்தால் உடைசல் தொட்டிதான்.

"பயப்படாதே, நான் இருக்கேன்," என்றபடி தக்கை அதன் கழுத்தில் இறுக்கமாக உட்கார்ந்தது. "காலையில குறைஞ்ச எடை காத்தாத்தான் போச்சு. இப்ப எப்படிப் போகும்னு பார்த்துடலாம்."

அதே வினிகர், அதே சோடா. உள்ளே நுரை பொங்கியது. காற்று கழுத்துவரை வந்து முட்டியது. குடுவை பல்லைக் கடித்துக்கொண்டது. தக்கை மூச்சுகூட விடவில்லை. தராசின் முள் இப்படியும் அப்படியும் ஆடி, கடைசியில் நட்டநடுவில் நின்றது. எடை இம்மியும் குறையவில்லை.

குடுவைக்குக் கண் கலங்கியது. தராசு ஒரு வார்த்தை சொல்லும் என்று காத்திருந்தது.

தராசு தொண்டையைச் செருமியது. "பயந்துபோய், எடுத்ததைத் திருப்பி வச்சுட்டான்."

குடுவை அதையும் பொறுத்துக்கொண்டது. தக்கைக்குத்தான் பொறுக்கவில்லை. "அடப்பாவி!" என்று வாயைத் திறந்ததுமே டப்பென்று கழன்று தட்டிலேயே விழுந்தது. அடைபட்டிருந்த காற்றெல்லாம் புஸ்ஸென்று வெளியேறியது.

முள் மெல்லச் சாய்ந்தது.

"எல்லாரும் பார்த்துக்குங்க," என்றது தராசு. "கையும் களவுமாப் பிடிச்சாச்சு."