விலங்கியலுக்கு மட்டும்

"இந்தப் பள்ளத்தாக்குல ஒரு பிள்ளை எம்.எஸ்சி. வாசப்படியை மிதிக்குதுன்னா, அதுக்குப் பின்னால என் கை இருக்கும்மா!"

ஞானசிகாமணி சார் கையை உயர்த்திச் சொல்லி முடிப்பதற்குள், கீழே மோட்டார் வைண்டிங் கடையில் எதையோ ஓடவிட்டுப் பார்த்தார்கள். மாடியே அதிர்ந்தது. சார் உயர்த்திய கையை அப்படியே இறக்கி, மேசை மேல் தானாக நடந்துகொண்டிருந்த தண்ணீர்த் தம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

உமாதேவிக்கு அதுகூட ஒரு கம்பீரமாகத்தான் தெரிந்தது. 'ஞானஒளி மேற்படிப்பு வழிகாட்டு மையம்' என்ற பலகையை நம்பித்தான் மகள் ஓவியாவைக் கூட்டிக்கொண்டு கெங்குவார்பட்டியிலிருந்து தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டிக்கு வந்திருக்கிறாள். நாளை மறுநாள் மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியலுக்கு நேர்காணல். "சீட்டு கிடைச்சா படி, இல்லாட்டி சித்தப்பன் காய்கறி மண்டியில போய் உக்காரு" என்று வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் உள்ளே இருக்கும் புழுவைத்தான் முதலில் தேடுவாள் ஓவியா. அவளை உட்காரவைத்தால் மண்டிக்கே ஆபத்து.

"பீஸ் எம்புட்டு சார்?" என்று கேட்டாள் உமாதேவி.

"பீஸா? கல்வியை நான் விக்கிறதில்லம்மா. ஆனா ஒண்ணு, இந்த வருசம் விலங்கியல் பிள்ளைகளை மட்டுந்தேன் எடுக்கிறேன். நேத்து கெமிஸ்ட்ரி பையன் ஒருத்தன் வந்தான். 'ஏலே, வேற இடம் பாரு'ன்னு அனுப்பிட்டேன்."

உமாதேவிக்குப் புல்லரித்தது. எல்லா நோய்க்கும் பார்க்கிற டாக்டரைவிட, ஒரே நோய்க்குப் பார்க்கிற டாக்டர்தானே பெரியவர்!

சார் டையை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப நாந்தேன் பேராசிரியர். சொல்லு, ஏன் விலங்கியல்?"

ஓவியா மனப்பாடம் செய்து வந்ததை அவிழ்த்துவிட்டாள். "சிறு வயது முதலே உயிரினங்கள் மீது எனக்குத் தணியாத ஆர்வம்..."

"நிறுத்து. இது எல்லாரும் சொல்றது. நானே எத்தனையோ தடவை சொல்லி..." சார் இருமினார். "சொல்லிக் குடுத்து, சலிச்சுப்போனது. உள்ளதைச் சொல்லு தாயி. எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு, விளக்கமாச் சொல்லு."

என்ன பணிவு என்று உமாதேவி உருகிப்போனாள்.

ஓவியா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "போன வருசம் எங்க மாந்தோப்புல பூ கொத்துக் கொத்தா வந்துச்சு சார். தத்துப்பூச்சி விழுந்துருச்சுன்னு அப்பா பூக்கையிலயே மருந்தடிச்சாக. தத்துப்பூச்சி செத்துச்சு. கூடவே ஈயும் செத்துச்சு. காயே பிடிக்கல. மாம்பூவுல மகரந்தத்தைச் சுமக்கிறதுல பெரிய பங்கு ஈயோடது சார். தேனீன்னா எல்லாரும் கும்பிடுறாக. ஈயைக் கண்டா மட்டும் துண்டை எடுத்து வீசுறாக. அந்த ஈயைப் பத்தித்தான் நான் படிக்கணும்."

"ஆகா!" சார் செல்போனை எடுத்து அவள் வாய்க்கு அருகில் வைத்தார். "மறுபடியும் முதல்லருந்து சொல்லு, பதிவு பண்ணிக்கிறேன். குத்தங்குறை இருந்தா கேட்டுப் பாத்துச் சொல்லணும்ல? மெதுவாச் சொல்லு. அது என்ன ஈ?"

"சிர்பிட் ஈ சார்."

"எழுத்துக் கூட்டிச் சொல்லு."

பிள்ளையை எப்படியெல்லாம் சோதிக்கிறார் என்று உமாதேவி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படி இறங்கும்போது ஓவியா கிசுகிசுத்தாள். "அம்மா, சார் ஒண்ணுமே சொல்லித் தரலையே? நாந்தானே பேசிக்கிட்டே இருந்தேன்?"

"பெரிய வாத்தியாருன்னா அப்படித்தேன் இருப்பாக. நீ வாயை மூடிக்கிட்டு வா."

நேர்காணல் அன்று ஓவியா உள்ளே போனதும், கல்லூரி வராந்தாவில் பதைபதைப்போடு உட்கார்ந்திருந்த உமாதேவியின் கண்ணில் அந்தக் காட்சி பட்டது. கடைசி நாற்காலியில் ஞானசிகாமணி சார்! அதே டை. புதுச் சட்டை. கண்ணை மூடிக்கொண்டு உதடுகள் மட்டும் அசைய ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

உமாதேவி பக்கத்தில் இருந்த பெண்ணிடம் திரும்பினாள். "அங்கன பாருங்க, அவுகதான் எங்க சார். எம் பிள்ளைக்காகத் தேனியிலருந்து பஸ் ஏறி வந்துருக்காக. எப்படி ஜெபம் பண்றாக பாருங்க!"

"குடுத்து வச்சவக நீங்க. எங்க சார் வாட்ஸப்புல ஒரு கட்டைவிரலைப் போட்டதோட சரி."

கதவு திறந்தது. ஓவியா துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா! திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாகம்மா! ஈயைப் பத்திச் சொன்னதும் அந்த மேடம் பேனாவையே கீழ வச்சுட்டாக. 'இப்படி ஒரு பதிலை நாங்க கேட்டதே இல்ல. இனிமே யாராச்சும் இதைச் சொன்னா, உன்கிட்டருந்து சுட்டதுன்னு தெரிஞ்சுக்குவோம்'னு சிரிச்சாக!"

உமாதேவி மகளை இழுத்துக்கொண்டு கடைசி நாற்காலிக்கு ஓடினாள். "சார், கேட்டீகளா? எல்லாம் உங்க ஜெபந்தேன்!"

சார் கண்ணைத் திறந்தார். உதடுகள் நின்றன. நெற்றியில் குப்பென்று வியர்த்தது.

"பாத்தியாடி, சந்தோசத்துல சாருக்குப் பேச்சே வரல."

அறைக் கதவைத் திறந்து உதவியாளர் தலையை நீட்டினார். "அடுத்து யாருங்க, ஞானசிகாமணியா? உள்ள வாங்க."

சார் எழுந்தார். எம்.எஸ்சி. விலங்கியலுக்கு அவர் வருடம் தவறாமல் விண்ணப்பிக்கிறார், இதுவரை கிடைத்ததில்லை.