மந்திரியின் கேள்விகள்

"அந்த மந்திரி விசாரிக்கிற இடத்தை இன்னொரு தடவை நடிச்சுக் காட்டுங்கம்மா," என்றார் மேலாளர், சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த நீரைக் கைக்குட்டையால் ஒற்றியபடி.

ஜவுளிக்கடையின் மேல்மாடி. துணிப் பண்டல்களை ஒதுக்கிவிட்டு நடுவில் கொஞ்சம் இடம் பிடித்திருந்தார்கள். அன்று சாயங்காலம் கடையின் ஆண்டு விழா. ஊழியர் நாடகம் மேடை ஏற வேண்டுமானால் மேலாளர் முதலில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். போன வருஷம் ஒரு நாடகத்தின் பாதியிலேயே எழுந்து போனவர் அவர். அதனால் விற்பனைப் பெண்களுக்கு உள்ளூர உதறல்.

கதை சின்னதுதான். அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தி, தானியக் கிடங்கில் காவலன் தன்னிடம் தவறாக நடந்துகொண்டான் என்று மந்திரியிடம் முறையிடுகிறாள். மந்திரி காவலனுக்கு நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார். பணிப்பெண்ணை நிற்கவைத்து விசாரிக்கிறார். மந்திரி வேஷம் கட்டிய பெண் வயிற்றில் தலையணையும் முகத்தில் மை மீசையுமாக அமர்க்களப்படுத்தினாள்.

"உள்ள அவன் இருக்கான்னு தெரிஞ்சும் நீ எதுக்குப் போன?"

"எனக்கு அங்கதாங்க வேலை."

"அவனைப் பாத்துச் சிரிச்சியா?"

"இல்லீங்க."

"அதுக்கு முன்னாடி என்னைக்காவது?"

"எல்லாரையும் பாத்துச் சிரிக்கிறதுதாங்க."

"அப்புறம் என்ன? அவன் பிள்ளைகுட்டிக்காரன். உன்னால அவன் குடும்பம் நடுத்தெருவுக்கு வரணுமா?"

மேலாளர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். முன்பு வேலை பார்த்த கடையில் முதலாளியின் மச்சான் ஒருத்தன் இருந்தானாம், உரித்து வைத்தாற்போல இதே ரகமாம். இந்தக் காலத்திலும் இப்படிச் சில ஜென்மங்கள் திரிகின்றன, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கினால்தான் புத்தி வரும் என்றார். அப்போதே முதலாளிக்குப் போன் போட்டு, விருந்தினர் எல்லோரும் வந்த பிறகு இந்த நாடகத்தை வைக்கலாம், அப்படி ஒரு அருமையான நாடகம் என்று புகழ்ந்து தள்ளினார். பெண்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எழுதியது யார் என்று கேட்டார். பில் போடும் பெண் முன்னால் வந்தாள். எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்தது. ஒரே நிறச் சீருடைச் சேலையில் இத்தனை பெண்கள், யாரை என்று ஞாபகம் வைத்துக்கொள்வது என்று விட்டுவிட்டார். அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

"அழவைக்க யாராலும் முடியும்மா. அழவேண்டிய விஷயத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்றதுக்குத் தனித் துணிச்சல் வேணும். அது உங்கிட்ட இருக்கு."

அவர் மனமாரத்தான் சொன்னார். இப்படி ஒருத்தியைக் கல்லாவில் உட்காரவைத்து வீணாக்கிவிட்டோமே என்று வருத்தம்கூட வந்தது. ஆனாலும் ரசிகன் என்று ஆனபின் ஒரு யோசனையாவது சொல்லாமல் எழுந்திருக்க முடியுமா?

"ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துடு. வளையல் சத்தம் கேட்டுத்தான் அவன் புத்தி தடுமாறியிருக்கும், நாளையிலேர்ந்து வளையல் போடாம வேலைக்கு வான்னு மந்திரி சொல்றான் பாரு, அது ரொம்ப ஓவர். எந்த மடையனும் அப்படிப் பேசமாட்டான். ஜனங்க நம்பமாட்டாங்க."

"அதை எடுக்கமுடியாது, சார்."

மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எடுக்காவிட்டால் நாடகமே கிடையாது என்று மேலாளர் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். முதலாளியிடம் அவரே வாயாரப் புகழ்ந்தாகிவிட்டதே, இப்போது என்ன காரணம் சொல்லி நிறுத்துவார் என்று அவள் பணிவாகவே கேட்டாள். அவர், கதை எழுதுகிறவர்களுக்குக் கற்பனை ஓர் அளவோடு இருக்க வேண்டும் என்று மட்டும் முணுமுணுத்தார்.

"இதுல ஒரு வரிகூட என் கற்பனை இல்லை, சார்," என்றாள் அவள். "போன வருஷம் நம்ம கிடங்கு சூப்பர்வைசரைப் பத்திப் புகார் சொல்ல உங்க ரூமுக்கு வந்தேன். அன்னைக்கு என்னை நிக்கவெச்சு நீங்க கேட்டதைத்தான் அப்படியே மந்திரிக்குக் கொடுத்திருக்கேன்."