டிராகனுக்கு எத்தனை நகம்?

"ஏம்மா மசுகோ, உங்க கொள்ளுத்தாத்தா யோக்கியரா, களவாணியான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்!"

கோயில் சாமியார் எஞ்சூ வாசலிலேயே பிடித்துக்கொண்டார். மசுகோ நனைந்த குடையை ஓரத்து ஜாடியில் சொருகிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போனாள்.

தகாவோகா ஊரில் பாதிப் பேருக்கு வெண்கல வார்ப்புதான் பிழைப்பு. ஆனால் மசுகோவின் பட்டறைக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர்: 'ஜாடித் திருடன் வீடு'. கோயிலில் இருந்த சீனத்து வெண்கலப் பூ ஜாடிக்கு ஜோடி ஒன்று வார்த்துத் தரச் சொல்லி, கொள்ளுத்தாத்தா தோகுபெய்யிடம் கொடுத்தார்களாம். அவர் இரண்டு நகல் வார்த்துக் கொடுத்துவிட்டு அசலை அமுக்கிவிட்டார் என்று நூறு வருஷமாக ஊர் வாய் ஓயவில்லை.

உள்ளே, சந்நிதி ஜாடியின் முன்னால் பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டிருந்தார் டோக்கியோவிலிருந்து வந்த பழம்பொருள் நிபுணர் நிஷிகவா.

"அசல் சீனம்தானே?" என்றார் சாமியார்.

"வடிவம் சீனம். மேக வேலைப்பாடு சீனம். அடியில சீன ராஜா முத்திரைகூட இருக்கு."

மசுகோவுக்கு மூச்சு வந்தது.

"ஆனா, ஜாடி மேல உள்ள டிராகனுக்குக் காலுக்கு மூணு நகம்தான் இருக்கே!"

"இருந்தா என்னவாம்?"

"சீன ராஜா வீட்டு டிராகனுக்கு அஞ்சு நகம், சாமி. மூணு போடுறது நம்ம ஆளுங்க பழக்கம். இது இந்த ஊர்ல வார்த்தது."

"ஐயோ, போச்சே!" சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப ஊர் சொன்னது நிஜம்தான். அசலை முழுங்கிட்டாரே மனுஷன்!"

"சாமி, அந்த இன்னொரு ஜாடி?" என்று கேட்டாள் மசுகோ.

"அது இதைவிட மட்டம். கன்னங்கரேல்னு, பார்க்கவே சகிக்காதாம். சந்நிதிக்கு ஆகாதுன்னு அப்பவே ஒதுக்கிட்டாங்க."

மசுகோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 'நம்ம தாத்தா திருடலைம்மா' என்று சாகும்வரை சொன்ன அப்பா ஞாபகத்துக்கு வந்தார். இனி எந்த முகத்தோடு பட்டறையைத் திறப்பது? விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள்.

மனசு கேட்காமல் நிஷிகவாவும் பின்னாலேயே வந்தார். "நானே வந்து உங்க குடும்பத்தைத் தலைகுனிய வெச்சிட்டேன். மன்னிச்சிடுங்கம்மா."

"உண்மையைத்தானே சொன்னீங்க" என்றபடி ஜாடியிலிருந்து குடையை உருவினாள்.

"கொஞ்சம் இருங்க!"

நிஷிகவா ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். குடை வைத்திருந்த ஜாடியின் கறுப்பைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தார். கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார். மறுபடி நிமிர்த்தி, விரல் வைத்து எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." விரல் நிற்கவில்லை. "நாலு, அஞ்சு!"

"என்னய்யா அது?" என்று ஓடிவந்தார் சாமியார்.

"அசல் சாமி, அசல்! ரெண்டையுமே தோகுபெய் ஒழுங்கா திருப்பிக் கொடுத்திருக்கார். மாறிடக் கூடாதுன்னு தன்னோடதுல மூணு நகம் வேற போட்டிருக்கார். கோயில்லதான் யாரும் எண்ணிப் பார்க்கலை."

மசுகோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட இருந்த குடையைச் சாமியாரிடம் நீட்டினாள்.

"இனிமே இதை எங்க சாமி வைக்கிறது?"