ஏறாத மேடு

மேடு தொடங்கும் இடத்தில் மாமா வண்டியை நிறுத்தினார்.

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மெக்கானிக் அவருக்கு மச்சினன். மனைவியின் தம்பி. அந்த மனைவி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

அவளுக்கு நெஞ்சுவலி வந்த அன்று வீட்டு வாசலில் நின்றது இந்த ஒரு வண்டிதான். ஆஸ்பத்திரி இருப்பதோ இந்த மேட்டின் உச்சியில். பாதி வழியில், பெரிய வளைவில், எஞ்சின் மூச்சிரைத்து நின்றுவிட்டது. வேறு வண்டியை மறித்து மேலே கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வண்டி மாமாவின் தாத்தா வாங்கியது. வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது மாமாவின் பிடிவாதம். பழைய வண்டிகளின் கண்காட்சியில் அதற்காகவே கோப்பை வாங்கிய மனிதர். ஒரு திருகாணியை மாற்றலாமா என்று கேட்டால்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அக்கா அந்த வண்டியைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். "என் சக்களத்திக்கு மேட்டைக் கண்டாலே இளைக்குது. கொஞ்சம் தெம்பு குடேன்டா" என்று தம்பியிடம் சொல்லியும் பார்த்தாள்.

அவனும் மாமாவிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டான். எஞ்சினைக் கொஞ்சம் திறந்து வேலை பார்த்தால் போதும், மேடெல்லாம் ஓடியே ஏறும் என்றான். மாமா அசைந்து கொடுக்கவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் அவரே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நீ அப்ப சொன்னதையெல்லாம் செஞ்சுடு. செஞ்சிருந்தா ஏறியிருக்குமான்னு எனக்குத் தெரியணும்."

ஏறினால், அவளைக் கொன்றது அவருடைய பிடிவாதம். ஏறாவிட்டால், விதி. இவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மெக்கானிக் அவர் முகத்தைப் பாராமலே சாவியை வாங்கிக்கொண்டு வேலையில் இறங்கினான். சாவு வீட்டிலிருந்தே அவன் மாமாவுக்கு முகம் கொடுப்பதில்லை. தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்த அக்கா அல்லவா.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து எஞ்சினின் அழுத்தத்தைக் கூட்டினான். வால்வுகளின் வழியை அகலமாக்கினான். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் பழைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை உட்காரவைத்தான். புகை தாராளமாக வெளியேற இன்னொரு குழாய் வளைத்தான். ஏறட்டும், இந்த மனிதர் கண்ணால் பார்க்கட்டும், பார்த்துச் சாகிறவரை நோகட்டும் என்று ஒவ்வொரு நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினான். கோபத்தில் சில பேர் வேலையைக் கெடுப்பார்கள். இவன் அப்படியில்லை, கோபம் வந்தால்தான் இவனுக்குக் கை சுத்தமாக வரும்.

இன்று சோதனை.

மாமா ஒரு முறை பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டார்.

தொடக்கத்தில் வண்டி ஒழுங்காகத்தான் ஏறியது. வளைவு கண்ணில் பட்டதும் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தார். உறுமல் தேய்ந்தது. கியரைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். வண்டி குலுங்கியது, இருமியது, நடு வளைவில் நின்றே போனது.

மாமா ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். மச்சினன் பக்கம் திரும்பினார்.

"என்ன செஞ்சிருந்தாலும் ஏறியிருக்காது. இல்லடா?"

"ஏறாது மாமா. இந்த எஞ்சினுக்கு உசிரே அவ்வளவுதான்."

அவள் போன அன்றுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பார்க்கப் பாவமாக இருந்தது. அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மச்சினனின் தோளைத் தட்டி அவனைத் தேற்றவும் செய்தார். அவனும் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டானாம், மனசை விட்டுவிடக் கூடாதாம்.

எஞ்சின் ஆறட்டும் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் இறங்கினான். பானெட்டைத் தூக்கி, அதன் மறைவில் போய் நின்றுகொண்டான்.

ஆக்ஸிலேட்டர் கம்பி அவன் காலையில் தளர்த்தி வைத்தபடியே இருந்தது. எவ்வளவு மிதித்தாலும் கார்புரேட்டர் கால்வாசிக்கு மேல் திறக்காது.

அதற்கும் முன்னால், விடிந்த கையோடு, அவன் தனியாக இந்த மேட்டுக்கு வந்திருந்தான். அப்போது கம்பி சரியாக இருந்தது. வளைவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கியரைக்கூடக் குறைக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றான்.

வண்டி வந்த வேகத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்த ஊழியர் ஒருவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். பின்கதவைத் திறந்தார்.

உள்ளே யாரும் இல்லை.