ஒற்றை விசில்

கைனேஸ் என்சைமுக்குக் காது கிடையாது. மனிதகுலம் இதுவரை கண்டறிந்த உண்மைகளில் இதைவிடப் பெரியது எதுவுமில்லை. இதை அப்பாவுக்குப் புரியவைக்கத்தான் நான் உயிர்வேதியியல் எடுத்துப் படிக்கிறேன்.

அப்பா ரிட்டயர்டு கண்டக்டர். அவருடைய ஈரல் கட்டியில் செல்களை ‘வளர், வளர்’ என்று விரட்டுவது அந்த என்சைம்தான். அது அடங்கியிருந்தால் அவர் கையில் ஒட்டிய சோதனைப் பட்டை பச்சையாக இருக்கும், மீறினால் சிவக்கும். தினமும் அதை அடக்கும் மாத்திரையைப் போட்டதும் பட்டைக்கு நேராக ஒரு விசில் ஊதுவார்.

“ஒத்த விசிலுக்கு நிக்காத வண்டி என் சர்வீஸ்லயே இல்லடா.”

“அது செல்லுப்பா, டவுன் பஸ் இல்ல.”

கல்லூரி விழாவில் இதை நடித்தே காட்டினேன். அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் அப்பாவும் சிரித்தார். மறுநாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு ஊதினார்.

இன்று பட்டை சிவந்துவிட்டது. படுத்தபடியே விசிலை வாயில் வைத்தார். வெறும் காற்றுதான் வந்தது.

“சரி விடு, அதுக்குத்தான் காது கிடையாதே,” என்றார், என்னைப் பார்க்காமல்.

அவர் கண்ணயர்ந்ததும் எழுந்து கதவைச் சாத்தினேன். விசிலைத் துடைக்காமல் வாயில் வைத்து, பட்டைக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரே ஒரு தடவை மெதுவாக ஊதினேன்.