வாயு சொன்ன வாக்கு

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருந்த நீலாம்பாள், மூக்கின் மேல் ரப்பர் மூடியை வைத்த சற்று நேரத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்துக் குழந்தைவேலு கண்டதில்லை. அவர் இரண்டடி பின்வாங்கிச் சுவரோரமாக ஒதுங்கினார்.

"பக்கத்துல உக்காருங்க. பயம் வேண்டாம்," என்றார் டாக்டர் ராஜரத்தினம்.

இந்த யோசனையே மாடி வீட்டுச் சைதாவுடையது. கன்னம் வீங்கிக் கஞ்சிகூட இறங்காமல் கிடந்த நீலாம்பாளை முந்தாநாள் இங்கே கூட்டிவந்து பல்லைக் காட்டியதும் அவள்தான்.

"டல்ஹௌசி தெரு டாக்டர் சிரிப்பு வாயு குடுப்பாருண்ணே. ஒரு பை உப்பி உப்பி அடங்கும், அவ்வளவுதான், வலியே தெரியாது. ஆனா ஒண்ணு, மனசுல கெடக்குறதெல்லாம் வாய் வழியா வந்துரும்," என்று குழந்தைவேலுவிடம் சொல்லியிருந்தாள் சைதா.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீலாம்பாள் மனசில் என்ன கிடக்கப்போகிறது? வெள்ளிக்கிழமை தங்கமணிக்குப் பரிசம் போட வருகிறார்கள் என்று அவர் சொன்னபோதுகூட, "எத்தனை பேருக்குச் சமைக்கணும்?" என்று மட்டும்தான் கேட்டாள்.

தங்கமணி அவர்களுடைய ஒரே மகள், வயது பதினாலு. மாப்பிள்ளை ரெங்கசாமி மேஸ்திரிக்குக் குழந்தைவேலுவை விடவே வயது கூட. ரங்கூன் துறைமுகத்தில் தனக்கு வேலை வாங்கிக் கொடுத்த மனிதர் கேட்கிறாரே என்று இவர் தலையை ஆட்டிவிட்டார்.

"குழந்தைவேலு."

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். அங்கே யாருமில்லை. கூப்பிட்டது நாற்காலியில் இருந்தவள்தான்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சற்று முன்னால் கம்பவுண்டர் புருஷன் பேரைக் கேட்டதற்கு, வாயைத் திறக்காமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முருகனைக் கைகாட்டியவள் அவள்.

"குழந்தைவேலு, எம் புள்ளைய யாருக்குடா குடுக்குற?"

குரல் அவளுடையது, அதட்டல் அவளுடையதில்லை. குழந்தைவேலு வருஷா வருஷம் மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவர். சாமி வந்த பெண்கள் புருஷனையே பேர் சொல்லிக் கூப்பிடுவதை அங்கே பார்த்திருக்கிறார். வந்திருப்பது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பயந்துபோய் எழுந்து கைகூப்பினார்.

"ரெங்கசாமிக்குத் தாயே. வாக்குக் குடுத்துட்டேன்."

"அடிச்சு அடிச்சே ரெண்டு பொண்டாட்டிய சுடுகாட்டுக்கு அனுப்புனவன். மூணாவதுக்கு எம் புள்ளையா? ஊரே பேசுது, ஒங் காதுல மட்டும் விழலையா?"

விழாமல் என்ன? விழுந்துதான் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. இரும்பு உருளையில் மாட்டியிருந்த ரப்பர் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அது வாடிய கத்தரிக்காய் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துறியா?"

"நிறுத்திடுறேன் தாயே. ஒந் தீக்குழி மேல சத்தியம்."

அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. டாக்டர் அதை நிமிர்த்தினார். குறடோடு அவர் கை அவள் வாய்க்குள் போவதைக் கண்டதும் குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டார். ஒரு முனகல் கேட்டது. பிறகு கிண்ணத்தில் பல் விழுந்த சத்தம்.

அவர் கண்ணைத் திறந்தபோது நீலாம்பாள் எதுவும் நினைவில்லாதவள் போல விழித்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"வீட்டுக்குப் போலாங்களா?" என்றாள், பஞ்சு அடைத்த வாயால். அதே பழைய குரல்.

"இரு, ரிக்‌ஷா கூட்டியாறேன். ஒன்னை எறக்கிவிட்டுட்டு மேஸ்திரியைப் பாத்துரணும். ஆத்தா உத்தரவுன்னா அவரும் மீற மாட்டாரு, தீ மிதிக்கிறவருதான்," என்று சொல்லிக்கொண்டே அவர் வேகமாகப் படியிறங்கினார்.

செருப்புச் சத்தம் தெருவை எட்டும் வரை டாக்டர் காத்திருந்தார். நீலாம்பாள் மடக்கி வைத்திருந்த விரல்களை மெல்லப் பிரித்தாள். உள்ளங்கையில் நகம் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது. டாக்டர் அதைத் துடைத்து மருந்து தடவினார்.

"அடுத்த பல்லுக்காவது வாயு வச்சுக்குங்கம்மா."