நிறுத்திய மாத்திரை

பிரியம்வதாவின் கீழுதட்டை டாக்டர் மெல்ல இழுத்துப் பார்த்தார். உள்ளே வெந்தது போலிருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற கார்த்யாயினி தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனாரின் பாதங்கள் வரை சிவப்பு இறங்கியிருந்தது. காலையில் முழங்காலோடு நின்றிருந்தது அது.

செம்மண்டலத்து வீட்டில் எல்லோரும் அம்மை என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுக்களையில் தாளிப்பு நின்றது. மாத்திரை, மருந்து எதுவும் கூடாது என்றாகிவிட்டது. முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்ட பிறகுதான் கார் பிடித்துச் சிதம்பரத்துக்கு வந்தார்கள்.

"வலிப்புக்கு மாத்திரை எப்ப ஆரம்பிச்சீங்க?"

"போன மாசம்," என்றாள் மாமியார் தர்மாம்பாள். "ஆனா அது இல்ல சார். மாத்திரைன்னா போட்ட அன்னைக்கே காட்டிடாது? இத்தன நாளு எம்பொண்ணு நல்லாத்தான இருந்தா."

"சிலது ரெண்டு மூணு வாரம் கழிச்சுதாம்மா காட்டும். உடம்பு மெதுவாத்தான் சண்டைக்கு வரும். கடைசியா எப்ப குடுத்தீங்க?"

"அம்மை பாத்த அன்னைக்கே நிறுத்தியாச்சு. ஆத்தா வந்திருக்கறப்ப இங்கிலீஷ் மருந்து குடுக்க நாங்க என்ன வெவரங்கெட்டவங்களா?"

டாக்டரின் பேனா நின்றது.

"நிறுத்தின பிறகும் இவ்ளோ வேகமா ஏறுதா?" தனக்குத்தானே முனகிக்கொண்டார். "அப்ப வேற எதாவதான்னும் பாக்கணும்."

கார்த்யாயினி நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள்.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து மாமியார் பேச்சுக்குக் குறுக்கே அவள் பேசியதில்லை. மாத்திரையை நிறுத்தியபோதுகூட வாய் திறக்கவில்லை.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பி.எஸ்சி. படித்தவள். அடுப்புக்குப் பக்கத்தில் பிரியம்வதா விழுந்து துடித்தபோது ஓடிப்போய்ப் பிடித்தவளும் அவள்தான்.

கட்டிலில் பிரியம்வதா மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

"சார்."

மாமியார் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னிக்குக் காலையிலகூட குடுத்தேன் சார். ஒரு வேளைகூட விடல. கூழுல கலந்து நான்தான் குடுத்தேன். அவளுக்கே தெரியாது."